ஹினாகா மேட்டின் இருபது வயதுக்காரர்கள்

ஓகி: ...இல்ல நாகுரா சான், ட்ராமை ஹினாகா மேடு வரைக்கும் நீட்டறது தப்பு. ஊரோட வருங்காலத்தைக் கணினியில காட்டற நம்ம நகராட்சி சிமுலேஷன் நம்மளை நல்லா ஏமாத்திடுச்சு!

நாகுரா: மெல்லப் பேசு. பக்கத்து அறையில மேயர் டீ குடிக்கிறார். திட்டத்தைச் சொல்ல இப்பக் கூப்பிட்டுடுவாங்க.

ஓகி: உள்ள போய் அவர்கிட்ட என்னன்னு சொல்றது? இன்னும் முப்பது வருஷத்துல மேட்டுல குழந்தைங்க நிறைஞ்சிடும்னு காட்டுதே... யாரை நம்பி?

நாகுரா: இப்ப அங்க இருக்கிற இருபது வயசுப் பசங்களை நம்பி. கல்யாணம் பண்ணுவாங்க, குழந்தை பெத்துக்குவாங்க...

ஓகி: எங்க இருக்காங்க? நேத்து போய்ப் பார்த்தேன். பஸ்ஸுல நானும் டிரைவரும்தான்!

நாகுரா: தூங்கிட்டிருந்திருப்பாங்க.

ஓகி: ஊரே சேர்ந்தா? எல்லாம் டோக்கியோவுல, ஒசாகாவுல இருக்குங்க. இருபது வயசானவங்களுக்கு நகராட்சி நடத்தற விழாவுக்குச் சொந்த ஊர் அழைப்பு வரணும்னு, முகவரிப் பதிவை மட்டும் அப்பா அம்மா வீட்டுலயே விட்டுட்டுப் போறாங்க. நம்ம கணினி எண்ணினது அந்தப் பதிவைத்தான். போகும்போது நானும் அப்படித்தான் செஞ்சேன்.

நாகுரா: நீ திரும்பி வரலையா? அவங்களும் வருவாங்க.

ஓகி: எனக்கு வேற எங்கயும் வேலை கிடைக்கல! விளையாடாதீங்க... ட்ராமை மேட்டுக்கு விட்டா, ஆத்தங்கரைக்குப் போற பஸ்ஸை நிறுத்திடுவாங்க. அங்க நிஜமாவே ஆளுங்க இருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு நடந்தா போவாங்க?

நாகுரா: அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற?

ஓகி: இல்லாதவங்களைக் கணக்குல இருந்து எடுத்துட்டு, மறுபடி ஓட்டிப் பார்க்கறோம்னு சொல்லி...

நாகுரா: எடுக்காதே!

ஓகி: ஐயோ, எதுக்குக் கத்தறீங்க? மேயருக்குக் கேட்டுடும்.

நாகுரா: மேட்டுல நிஜமா இருக்கிறவங்களும் சேர்ந்து போயிடுவாங்க.

ஓகி: உங்க பொண்ணு சியோரியை யாரு எடுக்கப் போறா? அவ ஒருத்தியாவது மேட்டுல இருக்காளே! போன வாரம்கூட அவளுக்குக் கறி ரைஸ் பண்ணேன்னு சொன்னீங்க... ஆமா, அங்கயே குடியிருக்கீங்க, உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?

நாகுரா: தெரியும். முதல் நாளே தெரியும்.

ஓகி: தெரிஞ்சுமா வாயைத் திறக்கல!

நாகுரா: சிமுலேஷன் காட்டற வரைபடத்துல என் வீட்டை அமுக்கிப் பார்த்திருக்கியா? முப்பது வருஷம் கழிச்சு மூணு பேர் இருப்பாங்க. சியோரி... ரெண்டு குழந்தைங்க. தினமும் வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துட்டுத்தான் போவேன்.

ஓகி: அது கணினி குத்துமதிப்பா போடறதுதானே... ஏங்க, கூப்பிடறாங்க! சியோரிதான் வீட்டுல இருக்காளே, அப்புறம் என்ன?

நாகுரா: அவ என்னோட சண்டை போட்டுட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சு. போனைக்கூட எடுக்கறதில்ல... வா, உள்ள நானே சொல்லிடறேன். கணக்குல இருந்து முதல்ல அவளை எடு.