மிச்சமிருந்த ஒரு தகடு

— ஏண்டி தையல்காரி, போன வாரம் முழுக்கைச் சட்டை தைக்கறேன்னு என்னை அரை மணி நேரம் நிக்க வச்சு, விரலை மடக்கு நீட்டுன்னு அளவெடுத்தியே, அந்தச் சட்டை எங்கே? இங்கே ஹார்டுவேர் கடையில இரும்பு தீட்டற கிரைண்டரைத் தடவிக்கிட்டு நிக்கிறே!

— வாங்கக்கா. பின்னாடியே வந்துட்டீங்களா?

— நான் எங்கே வந்தேன்? துணி காயப்போடக் கயிறு வாங்க வந்தேன். நீ தெருமுனை திரும்பினதுல இருந்து சும்மா பாத்துக்கிட்டே வந்தேன், அவ்வளவுதான்.

— பேசி முடிங்கம்மா ரெண்டு பேரும். கிரைண்டரைப் பெட்டியில போடவா, வேண்டாமா?

— இருங்க கடைக்காரரே. எதுக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?

— பழைய ரம்பத் தகட்டுல கத்தி செய்யறேன்க்கா. முந்தாநாள் இரவல் கிரைண்டர்ல தீட்டினேன். ஓரமெல்லாம் நீலமாப் போச்சு. கேரட்டை வெட்டினா கத்தி வளையுது.

— அந்தக் கிர்ர்ர் சத்தம் உன் வீட்டுலதானா! புதுசா பல் டாக்டர் குடி வந்திருக்கார்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேனே!

— நீலம் வந்தா சூடேறி உரம் போயிடுச்சுன்னு அர்த்தம்மா. இந்தக் கிரைண்டரை வாங்கினாலும் அதே கதைதான். தகடு எத்தனை மிச்சம்?

— ஒண்ணே ஒண்ணு.

— அப்போ அரம் எடுத்துக்குங்க. மரம் அறுக்கிற ரம்பம் அரத்துக்கு மசியும். மெதுவாத்தான் தேயும், ஆனா சூடேறாது. கடைசியில சாணைக்கல்லுல தண்ணி விட்டு நாலு இழுப்பு. கை வலிக்க வலிக்கத் தேச்சா மூணு நாள்.

— இன்னிக்கு வியாழன். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும். அரத்தையே கொடுங்க.

— ஞாயித்துக்கிழமை என்னடி? யாருக்குக் கத்தி? உன் வீட்டுக்காரருக்கா? அவர் ஒரு வெங்காயம் உரிச்சு நான் பாத்ததில்லை. தினமும் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

— இந்தப் படத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்கக்கா.

— இது கத்தியா, இஸ்திரிப் பெட்டியா? பிடி தலைக்கு மேல உக்காந்திருக்கு!

— துணிக்கு இஸ்திரி போடும்போதுதான் தோணிச்சு. மணிக்கட்டை மடக்கவே வேண்டாம், மேல இருந்து அழுத்தினா போதும். அதிருக்கட்டும், திங்கக்கிழமை ஆஸ்டல் சமையல்கட்டுக்குப் போறீங்கல்ல?

— போய் என்னத்தைக் கிழிக்க? மாவுக்கட்டு பிரிச்சு ஒரு மாசமாச்சு, இந்தக் கை மடங்க மாட்டேங்குது. நறுக்கிக் காட்டலைன்னா வேற ஆளை வச்சுக்குவாங்களாம். பதினெட்டு வருஷமா முந்நூறு பேருக்குக் காய் நறுக்கின கை! அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே வரலைன்னு சொல்லிடப் போறேன். நீ பேச்சை மாத்தாதே. என் சட்டை எப்போ?

— சட்டையே கிடையாதுக்கா.

— பின்னே அவ்வளவு நேரம் டேப்பை வச்சு என்னடி அளந்தே?

— முழுக்கைச் சட்டைக்கு யாராவது உள்ளங்கையை அளவெடுப்பாங்களாக்கா?