பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கிறது

பாட்டுக் கச்சேரிக்கு வருகிறவர்கள் கொடி கொண்டுவரலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால், கொண்டுவரட்டும் என்றுதான் சொல்வேன் ஐயா. காசு கொடுத்து வருகிறார்கள், சந்தோஷமாக இருக்க வருகிறார்கள். ஆனால் எங்கே நின்று பிடிப்பது என்று ஒன்று இருக்கிறது. வேலி ஓரமாக நின்று பிடித்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நட்டநடுவில் நின்று பிடித்தால் பின்னால் நிற்கிறவன் எதைப் பார்ப்பான்? என் கட்சி இவ்வளவுதான். நடந்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

என் பெயர் அம்மாசி. வீடு சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் ஓரம். சாரம் கட்டுகிற தொழில். முன்பெல்லாம் கட்டடத்துக்குக் கட்டினேன். இடுப்பு விட்டுப்போன பிறகு விழா வேலைக்கு வந்துவிட்டேன். மேடை, தடுப்புக் கம்பி, கூட்டத்துக்கு நடுவில் ஸ்பீக்கர் வைக்கிற டவர் எல்லாம் எங்கள் கை பட்டதுதான். கட்டி முடித்ததும் வீட்டுக்குப் போய்விட முடியாது. ஆரஞ்சு கோட்டை மாட்டிக்கொண்டு, பையன்கள் டவரில் ஏறாமல் பார்த்தபடி கச்சேரி முடிகிறவரை அதன் காலடியிலேயே நிற்க வேண்டும். அப்படி நின்று நின்று எத்தனையோ பெரிய பாட்டுக்காரர்களின் கச்சேரி கேட்டிருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். மேடைக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஏதாவது ஒரு துணி ஆடிக்கொண்டிருக்கும்.

என்னென்ன துணி என்கிறீர்கள். பந்து விளையாடுகிற வெளிநாட்டு டீமின் கொடி. சினிமா ஹீரோவின் முகம் போட்ட கொடி. ஒருத்தன் தன் லுங்கியையே ஒயரிங் பைப்பில் கட்டிக்கொண்டு வந்தான், உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருந்தான், அதனால் விட்டுவிட்டோம். ஒரு தடவை பரோட்டா படம் போட்ட கொடியைக்கூடப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டதற்கு, "பரோட்டாவுக்கு இன்னா நைனா கொறச்சல்?" என்றான்.

பாவம் பின்னால் நிற்பவர்கள்தான். அடையாறு மைதானத்தில் இரண்டு நாள் நடந்த அந்தக் கச்சேரிக்கு, முதல் நாள் ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் பேத்தியோடு வந்திருந்தார்கள். அம்மாள் நுனிக்காலில் நின்று நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "மயிலாப்பூர்லேர்ந்து ஆட்டோ பிடிச்சுண்டு வந்திருக்கோம்ப்பா. துணி பாக்கணும்னா பாண்டி பஜாருக்கே போயிருப்பேனே" என்றார்கள். பெரியவர், "விடேன்டி, காதுல விழறதோல்லியோ" என்றார். "காதுல விழறதுக்கு ஆத்துலயே ரேடியோ இருக்கு" என்றார்கள் அந்த அம்மாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது ஒரு மஞ்சள் கொடி. போய்ச் சொல்லலாம் என்று கிளம்பினேன். அந்த அம்மாளுக்காகத்தான் கிளம்பினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொடி பிடித்திருந்த பையனுக்கு இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும். பாலகணேஷ் என்கிற பேர் பிறகு பேப்பரில் பார்த்துத் தெரிந்ததுதான். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மிஷின் போட்டு, சேலைக்கு ஃபால் தைக்கிறவன் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. கொடியின் தையல் நன்றாகவே இருந்தது. மஞ்சள் ரவிக்கைத் துணியில் சிவப்புத் துணியை எழுத்து எழுத்தாக வெட்டி வைத்துத் தைத்திருந்தான்.

"தம்பி, கொடிய எறக்கு. பின்னால கீறவங்களுக்கு ஒண்ணும் தெரியல."

"அங்க பாரு நைனா, எத்தினி பேரு தூக்கிக்கினு கீறாங்க. அவங்கள வுட்டுட்டு என்னாண்ட வர்றியே."

"அந்தம்மா வயசானவங்க. உன் பின்னாலதான் நிக்கிறாங்க."

"அவங்கள முன்னால வந்து நிக்கச் சொல்லு, நான் எடம் வுடறேன். கொடிய மட்டும் எறக்கச் சொல்லாத. எங்காளு கடை முடிச்சுட்டு வரணும். உள்ள வந்துட்டா போன் போவாது. இத்தப் பாத்துதான் என்னக் கண்டுபுடிப்பா."

"யாரு அது?"

"பேருதான் மேலயே கீதே. படிக்கத் தெரிஞ்சா படி." பக்கத்தில் இருந்த கூட்டாளிகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற மாதிரியான சிரிப்பு.

எனக்குப் படிக்கத் தெரியும் ஐயா. தாமதமாக வந்த படிப்புதான். என் பெண் எட்டாவது படிக்கும்போது, சம்பளச் சீட்டில் கைநாட்டு வைக்கிற அப்பா வேண்டாம் என்று சொல்லி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார வைத்து அவள் சொல்லிக்கொடுத்தது. அதனால் கூட்டிக் கூட்டித்தான் வரும். கொடியோ நிற்காமல் ஆடுகிறது. ஒரு எழுத்து தெரிந்தால் அடுத்தது மடிந்துவிடும். பொறுமையாக நின்று படித்தேன். முழுசாகச் சேர்ந்தபோது ஸ்நேஹா என்று வந்தது. நான் முதன்முதலில் எழுதப் பழகிய பேர் அதுதான். என் பெண்ணின் பேர்.

ஊரில் எத்தனையோ ஸ்நேஹா இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் டவரடிக்குத் திரும்பினேன். நான் அவசரக்காரன் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். அதே ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை பார்க்கிறாள், கடைச் சேலையிலேயே வந்திருந்தாள். அன்றைக்கு ஸ்டாக் எடுக்கிறார்கள், வர நேரமாகும் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். எனக்கு எங்கே வேலை என்று நான் வீட்டில் சொல்கிற பழக்கம் இல்லை, யாரும் கேட்பதும் இல்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் என்னைத் தாண்டிப் போனாள். பார்க்கவில்லை. அவள் கண் மேலே கொடியில் இருந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. அது பரவாயில்லை, வேலைக்குப் போய் வருகிற பெண், களைப்பாக இருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவன் என்ன ஆள், என்ன ஜாதி என்று பார்த்துச் செய்ததாக எழுதிவிடாதீர்கள். சைதாப்பேட்டைப் பையன், எங்கள் ஆட்கள்தான், தாய் வழியில் தூரத்துச் சொந்தம்கூட என்று நீங்களே விசாரித்துச் சொன்னீர்கள். முறையாக வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் அவள் பேரைக் கம்பத்தில் ஏற்றி ஆட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அதுவும் காரணம் இல்லை. பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கிறது என்பதுதான் காரணம். அதை அவனிடமே சொன்னேன், அவன் கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவளைப் பார்த்தேன். "சாப்ட்டியாம்மா?" என்றேன். "ஆச்சுப்பா. கடையில காலு கடுக்க நிக்க வுட்டாங்க" என்றாள். என் சம்சாரம் புஷ்பம் அவளுக்குக் காலில் தடவ எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். நானும் நின்றுதான் வந்தேன். அதைச் சொல்லிக்காட்டுகிறவன் இல்லை நான்.

மறுநாள் ஆட்களை உள்ளே விடுவதற்கு முன்னால் டவரைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. மேல் தட்டில் பலகை போட்டு இரண்டு முனையையும் கயிற்றால் கட்டியிருப்போம். அந்தக் கட்டு நான் போட்டது. மேடைக்கு எதிர்ப்பக்கம், கேட்டைப் பார்த்து இருந்த முனையை அவிழ்த்தேன். அவிழ்த்துவிட்டு, கீழிருந்து பார்த்தால் கட்டு இருக்கிற மாதிரி கயிற்றைச் சுற்றி வைத்தேன். மேஸ்திரி வெள்ளைச்சாமி அண்ணன் கீழே நின்று, "அம்மாசி, எல்லாம் கரெக்டா கீதா?" என்று கேட்டார். "கீதுண்ணே" என்றேன். அவர் என் வார்த்தையை நம்புகிறவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பையன் அதே மஞ்சள் கொடியோடு வந்தான். நானாகத்தான் போய்க் கூப்பிட்டேன்.

"நைனா, மறுபடியும் நீயா? இன்னிக்கி எறக்க மாட்டேன்பா, சொல்லிட்டேன்."

"எறக்க வாணாம். மேல ஏறிக்கோ. டவர் மேலேர்ந்து ஆட்டுனா யாருக்கும் மறைக்காது. உங்காளுக்கும் கேட்டாண்டயே தெரியும்."

அவனால் நம்ப முடியவில்லை. "மெய்யாலுமா? செக்யூரிட்டி வந்து கத்துனா?"

"நான் பாத்துக்கறேன்."

"நேத்து நான் ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத நைனா. நீ தங்கமான மன்சன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ஏர்ற வரைக்கும் இத்தக் கொஞ்சம் புடி" என்று கொடியை என்னிடம் கொடுத்தான்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். அதைச் சொல்கிறேன். அவன் ஏறுகிற வரைக்கும் கொடி என் கையில்தான் இருந்தது. கீழே விடாமல் உயர்த்தியே பிடித்திருந்தேன், அழுக்குப் படக் கூடாதே. அப்போது அவள் வந்துகொண்டிருந்தாள். கேட்டுப் பக்கத்திலிருந்தே கொடியைப் பார்த்துவிட்டாள். அதே முகம், அதே வெளிச்சம். என்னை நோக்கித்தான் வந்தாள் ஐயா. அவ்வளவு பெரிய கூட்டத்தில் நேராக என்னை நோக்கி. கொஞ்சம் பார்வையைத் தாழ்த்தியிருந்தால் கொடிக்குக் கீழே யார் என்று தெரிந்திருக்கும். தாழ்த்தியிருந்தால் நானும் பையனை இறங்கி வா என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. மேலேயிருந்து, "குடு நைனா" என்றான். கொடுத்தேன். கொடி மேலே போனது. அவள் பார்வையும் கூடவே மேலே போனது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பாட்டுக்குத் தகுந்த மாதிரி ஆடினான். முதல் பாட்டு முழுக்கப் பலகை தாங்கியது. இரண்டாவது பாட்டில் அவளைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது, பின்பக்கம் திரும்பி அந்த முனைக்கு வந்து கையைத் தூக்கினான். பலகை கவிழ்ந்தது. கீழே தடுப்புக் கம்பி இருந்தது. அதுவும் நாங்கள் போட்டதுதான்.

பாட்டு உடனே நிற்கவில்லை. மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாது அல்லவா. கொடி போன பிறகு மேடை பளிச்சென்று தெரிந்தது, முழுசாக. அப்போதுதான் முதல் தடவையாக ஒரு கச்சேரியைப் பார்த்தேன். மற்றவர்களும் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தரும் மேடையைப் பார்க்கவில்லை. எல்லாரும் கீழே பார்த்தார்கள்.

சுற்றிலும் அத்தனை கொடி இருந்ததே, அந்த ஒரு கொடிக்கு மட்டும் ஏன் என்று கேட்டீர்கள். மற்றவை எனக்கு நேர் முன்னால் இல்லை.

நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். விபத்து என்றுதான் முடித்திருந்தீர்கள். பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பலகையைச் சரியாகக் கட்டவில்லை, கட்டு நழுவியது, பையன் பலி, மேஸ்திரி கைது என்று போட்டிருந்தது. வெள்ளைச்சாமி அண்ணன் உள்ளே இருப்பது வருத்தம்தான். ஆனால் பொறுக்க முடியாமல் போனது நழுவியது என்கிற அந்த வார்த்தை. இத்தனை வருஷத்தில் நான் போட்ட கட்டு எதுவும் நழுவியது கிடையாது. எத்தனையோ புயல் பார்த்த சாரம் எல்லாம் நின்றிருக்கிறது. அந்தப் பையன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், கட்டு நன்றாகத்தான் இருந்தது. அதை நான்தான் பிரித்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நானே கையெழுத்துப் போடுகிறேன், கைநாட்டு வேண்டாம்.

ஸ்நேஹா அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று புஷ்பம் சொன்னாள். சின்ன வயசு, சரியாகிவிடும். அவளுக்கு எதிராக நான் ஒன்றும் செய்யவில்லை என்பது விஷயம் தெரிந்தால் புரியும். கொடி விவகாரம்தான் என்று நீங்கள் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லுங்கள். புரிந்தால் என்னைப் பார்க்க வருவாள்.

ஒரே ஒரு உதவி. ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கிற இடத்தைப் பற்றி, உள்ளே இருந்து வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்களாம், யார் யாரைப் பார்க்க வந்தது என்றே தெரியாதாம். எனக்குக் கண்ணும் முன்னே மாதிரி இல்லை. வரும்போது மஞ்சளாக ஏதாவது ஒரு துணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.

பின்னால் நிற்பவர்களுக்குக் கொஞ்ச நேரம் மறைக்கும். பொறுத்துக்கொள்வார்கள்.