சூட்டைப் பார்க்கும் வயர்

டீ நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் சார். எங்கள் கல்லூரி கேண்டீனில் இப்படிப் போட மாட்டார்கள்.

நான் அங்கே மெக்கானிக்கல் துறைத் தலைவர். இந்தப் பட்டாசு ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேரை இன்ஜினியராக்கி அனுப்பியிருக்கிறேன். பிரீத்திகா மாதிரி ஒருத்தி வாய்த்ததில்லை. அவள் அம்மா பாண்டிலட்சுமிக்கு நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை வேலை. அம்மா மாதிரி ஆட்களின் கை படாமல், சுவருக்கு அந்தப் பக்கம் தானே வெடிமருந்து கலக்குகிற இயந்திரம் ஒன்றைச் செய்தாள். சூடு ஏறினால் நின்றுவிடும். ஆறும்வரை அறைக் கதவும் திறக்காது.

குறை ஒன்றுதான். அடிக்கடி நின்றது. முதலாளிகளும் பத்திரிகைக்காரர்களும் பார்க்க வந்த அன்று நிற்கக் கூடாதே என்று, சூட்டைப் பார்க்கும் வயரைக் கழற்றினேன். அழகாக ஓடியது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பிரீத்திகா கீழே உட்கார்ந்து கைதட்டினாள். அவள் பெயரைச் சொல்ல நேரமில்லை.

அவள் அம்மா வேலை பார்க்கிற ஆலை முதலாளியே உடனே வாங்கிக்கொண்டார். மறுநாள் அவள் என் அறைக்கு வந்தாள்.

"சார், அந்த வயரத் திரும்ப மாட்டிட்டீகளா?"

"மாட்டியாச்சும்மா."

"நான் ஒருதடவ போய்ப் பாத்துட்டு வந்துரட்டா சார்?"

மாட்டினால் நிற்கும். நின்றால் முதலாளி திருப்பி அனுப்புவார். அந்தப் பிள்ளையின் மனமும் நிம்மதியாக வேண்டும். யோசித்து, முதலாளியிடம் சொல்லி அவள் அம்மாவையே அந்த இயந்திரத்துக்குப் போட வைத்தேன்.

"ஆபத்துன்னா உங்க அம்மாவ அங்கன நிறுத்தச் சொல்வேனாம்மா?"

பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாவும் ஆலையில் என்னைப் பார்த்தபோது, "எம்புள்ள செஞ்ச மிசினு சார், அதுகிட்ட எனக்கென்ன பயம்" என்று சிரித்தது.

தீபாவளி சீசன். ஓய்வு கொடுக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். சூடு ஏறியும் நிற்கவில்லை, கதவும் திறந்தது. கலந்த மருந்தை எடுக்க அந்த அம்மா உள்ளே போயிருக்கிறது. வெடித்தபோது சுவர் மட்டும் அசையவில்லையாம். வடிவமைப்பு அப்படி.

இயந்திரம் யார் செய்தது என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். பிரீத்திகா என்றேன். மயானத்திலிருந்து ஆட்கள் திரும்புமுன்பே அவளைக் கூட்டிப்போனார்கள். தன் கணக்கில்தான் பிழை என்று அவளே நம்புகிறாளாம், சோறு இறங்கவில்லையாம். பாவம்.

வயரைக் கழற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் சார்: அது அவள் செய்த இயந்திரம் என்று ஊரறிய முதலில் சொன்னவனும் நான்தான்.