மாஸ்டர் பக்கத்து பிரேக்

மாஸ்டர்: ...அதனாலதான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கடலோர ரோட்டுல போகலாம்னு. கோடு போட்ட மாதிரி நேரா போகும். ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் மரம். லீவுக்கு வேற என்ன வேணும்?

மனைவி: அதுல தூங்கிட்டே ஓட்டலாங்க. நான் ஓட்டறதுக்குத்தானே வந்திருக்கேன்.

மச்சினி: மாமா, முதல் கொண்டை ஊசி வளைவு வருது. போர்டுல பாம்பு மாதிரி படம் போட்டிருக்கான்.

மாஸ்டர்: தெரியுது, தெரியுது. கிளட்ச்... செகண்ட்... ஹாரன் அடி.

மனைவி: அடிச்சாச்சு.

மாஸ்டர்: இன்னொரு தடவை அடி.

மச்சினி: வெயிலே இல்ல, எதுக்கு மாமா கூலிங் கிளாஸ்?

மாஸ்டர்: டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்னா ஒரு கெத்து வேணாமா? நீ பின்னாடி பேசாம உட்காரு. நீ அம்பயர் மட்டும்தான்.

மச்சினி: அம்பயர்தான் கேக்கறேன். பந்தயம் என்ன, மறுபடி சொல்லுங்க.

மாஸ்டர்: உங்க அக்கா மலை ஏறி இறங்கணும். அது வரைக்கும் இந்த ஸ்கூல் வண்டியில என் காலடியில தனியா இருக்கற பிரேக்கை நான் தொடக்கூடாது. தொடற மாதிரி ஆச்சுன்னா அவ ஃபெயில்.

மனைவி: தொடலைன்னா ஸ்கூல் போர்டுல உங்க பேருக்குக் கீழே என் பேரு. காலையில வர்ற பொம்பளைங்களுக்கு நான்தான் மாஸ்டர். அதையும் சொல்லுங்க.

மாஸ்டர்: அதான் அன்னிக்கே ஒத்துக்கிட்டேனே... மெதுவா, மெதுவா...

மச்சினி: மாமா, காலு ஆடுது.

மாஸ்டர்: மரத்துப் போச்சு. உதறினேன்.

மனைவி: பெடல் மேலயா உதறுவாங்க?

மாஸ்டர்: நீ ரோட்டைப் பாரு. நான் எதையும் தொடல.

மச்சினி: அய்யோ, அருவி பாருங்க மாமா...

மாஸ்டர்: பார்த்தேன். என்னமா தண்ணி கொட்டுது.

மச்சினி: தண்ணியே இல்லையே. கோடைக்கு வத்திப்போச்சு. வெறும் பாறை.

மாஸ்டர்: ...கொட்டினா எப்படி இருக்கும்னு சொன்னேன்.

மனைவி: அவரை விடுடி. ஏங்க, ஒண்ணு கேக்கவா?

மாஸ்டர்: வளைவு முடிஞ்சதும் கேளு.

மனைவி: இது முடிஞ்சா அடுத்தது வரும். இப்பவே கேக்கறேன். நான் லைசென்ஸ் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு? பக்கத்துல நீங்க இல்லாம என்னைக்காவது ஓட்டியிருக்கேனா?

மாஸ்டர்: உன் நல்லதுக்குத்தானே கூட வர்றேன்.

மனைவி: வண்டி நிக்கும். நான் நிறுத்தினேனா, நீங்க நிறுத்தினீங்களான்னு எனக்கே தெரியாது. நல்லா ஓட்டினேன்னு நீங்க சொன்னாக்கூட நம்ப முடியல. அழுகையா வரும்.

மாஸ்டர்: ...இப்போ அழுதுடாதே. ரோடு தெரியாது.

மச்சினி: அக்கா, இந்தப் பக்கம் பாதாளம். கீழே ஏரி ஒரு தட்டு மாதிரி மின்னுது. மாமா, எட்டிப் பாருங்களேன்.

மாஸ்டர்: ரோட்டுல போறப்போ வேடிக்கை பார்க்கக் கூடாதுன்னு பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறவன் நான்.

மனைவி: உச்சி வந்தாச்சு. இனி இறக்கம்தான்.

மாஸ்டர்: கியர்லயே இறக்கு... பிரேக்கை விட்டு விட்டு மிதி...

மச்சினி: அக்கா, பஸ்! வளைவுல பஸ்!

மாஸ்டர்: மிதி, மிதி, மிதி...

மனைவி: நின்னாச்சுங்க. கத்தாதீங்க. பஸ்ஸே போயிடுச்சு.

மாஸ்டர்: ...போயிடுச்சா?

மனைவி: டிரைவர் கையைத் தூக்கி சலாம் வச்சுட்டுப் போறார். அவருக்கு நல்லாத்தான் வழி விட்டிருக்கேன்.

மச்சினி: மாமா, உங்க காலு இன்னும் பெடல் மேலயே இருக்கு.

மாஸ்டர்: அம்பயர் வாயை மூடணும்.

மனைவி: வாயை மூடிட்டே உட்காருடி. கீழே போய்ப் பேசிக்கலாம்.

மச்சினி: ...அப்பாடா, ஏரிக்கரை வந்தாச்சு. ஓரமா நிறுத்துக்கா. இன்ஜினை ஆஃப் பண்ணு.

மனைவி: பண்ணிட்டேன். சொல்லுங்க மாஸ்டர். பாஸா, ஃபெயிலா?

மாஸ்டர்: மனசு விட்டுச் சொல்றேன், கோவிச்சுக்காதே. நீ ஃபெயில்மா. ஒவ்வொரு வளைவுலயும் நான்தான் மிதிச்சேன். நடுவுல சொன்னா நீ பயந்துடுவியேன்னு மறைச்சேன். அந்த பஸ்ஸுக்கு நான் மட்டும் மிதிக்கலைன்னா இந்நேரம் மூணு பேரும் மாலையோட படத்துல இருப்போம்.

மச்சினி: அக்கா, நீ சொல்றியா? நான் சொல்லட்டுமா?

மனைவி: நானே சொல்றேன். நேத்து வண்டியைக் கழுவ விட்டேன்னு சொன்னேன்ல, கழுவல. மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டு உங்க பெடலுக்கும் என் பெடலுக்கும் நடுவுல இருந்த கம்பியைக் கழட்டச் சொன்னேன். வெறும் ஸ்பிரிங்தான் இருக்கு. மிதிச்சா உள்ளே போகும், விட்டா வெளியே வரும். அவ்வளவுதான். அந்த பஸ்ஸைப் பார்த்து நிறுத்தினது நான்தாங்க. நான் மட்டும்தான்.

மச்சினி: என்ன மாமா, கூலிங் கிளாஸைக் கழட்டறீங்க?

மாஸ்டர்: போர்டுல உன் பேரை மேலேயே எழுதிக்கோம்மா. என் பேரு கீழே இருக்கட்டும். நான் வண்டி ஓட்டினது, சொல்லிக்கொடுத்தது எல்லாம் சமதரையிலதான். நீ சொல்ற பஸ்ஸை நான் பார்க்கவே இல்ல... முதல் வளைவுல மூடின கண்ணை, நீ இன்ஜினை ஆஃப் பண்ணினப்புறம்தான் திறந்தேன்.