கோதாரி எண்டொரு அல்பம்

ஓம், நான்தான். உந்தப் பாட்டிலை கத்திற மனிசி நான்தான். நீர் ஆரெண்டும் தெரியும், கோகுலன்தானே, பக்கத்து வீட்டிலை இருந்து அந்த றொக் கோஷ்டிக்கு ஒலிப்பதிவு செய்த பெடியன். படலையைச் சாத்திப்போட்டு வாரும், ஆடு உள்ளுக்கை வந்திடும். அந்தக் கதிரையிலை இரும். கேக் பெட்டியை உம்மடை மடியிலையே வைச்சிரும், இஞ்சை தின்ன ஆக்களில்லை.

என்னது, வாழ்த்தோ? எனக்கென்னத்துக்குத் தம்பி வாழ்த்து? கனடாக்காரற்றை வெறும் வீட்டை எடுத்து, ரெண்டு மாசமா கிற்றாரும் ட்றம்முமா எங்கடை ஓடு கழண்டு விழுமாப்போலை அடிச்சனீங்கள். மூண்டுதரம் நல்லவிதமாச் சொன்னனான். நாலாந்தரம் மதிலடியிலை நிண்டு, கோதாரியிலை போவாரே, நிப்பாட்டுங்கோடா எண்டு கத்தினன். அதைக் களவாப் பிடிச்சுப் பாட்டுக்குள்ளை போட்டு, உந்தக் கண்டறியாத அல்பத்துக்குக் கோதாரி எண்டே பேரும் வைச்சிருக்கிறியள். வெக்கமாக் கிடக்கேல்லையோ உங்களுக்கு?

தெரியும், தெரியும், பேப்பரிலை பாத்தனான். லட்சக்கணக்கிலை வித்துப்போச்சாம், லண்டனிலை மண்டபத்துக்குள்ளை சனம் கொள்ளேல்லையாம். எனக்கென்ன அதாலை? நான் கோப்பாயிலை முப்பது வரியம் படிப்பிச்சனான். ஒரு பிள்ளையை எடி எண்டு கூப்பிட்டிருப்பனோ, கேட்டுப் பாரும். இப்ப நல்லூருக்கு ரியூசனுக்குப் போற பெட்டையள் படலையடியிலை சைக்கிளை மெதுவாக்கி, கோதாரி ரீச்சர் எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டு போகுதுகள். மினிபஸ்ஸிலை ஏறினால் அதுக்குள்ளையும் நான்தான் கத்திறன். கொண்டக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேக்கிறான். பாதி வழியிலை இறங்கி நடந்து வந்தனான்.

கையெழுத்தோ? வைக்கமாட்டன். கடுதாசியை மடிச்சு உள்ளுக்கை வையும். அல்பத்தை வாங்கி வெளியிட வந்த வெளிநாட்டுக் கொம்பனி என்ரை சம்மதம் இல்லாமல் அதைத் தொடாதாமோ? நல்ல கொம்பனி. பிடிக்கேக்கை கேக்காத சம்மதத்தை இப்ப கேக்கிறியள். மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுவியளோ? நீரே போட்டுக்கொண்டு ஆடும், போம்.

நான் போனிலையே சொன்னனான், அண்டைக்குப் பிடிச்சதை வெட்டாமல் கொத்தாமல் முழுசாக் கொண்டுவாரும் எண்டு. கொண்டுவந்தனீரோ? உந்தப் பைக்குள்ளையோ? பிறகேன் விசரன் மாதிரிக் கேக்கைத் தூக்கிக் காட்டினனீர்? பயப்பிடாதையும், பொலிசுக்குக் குடுக்கமாட்டன். கோட்டுக்கும் போகமாட்டன்.

என்னத்துக்கெண்டோ? எங்கடை அவர் கிட்னி வருத்தக்காரன், தண்ணியும் அளந்துதான் குடுக்கிறனான். அண்டைக்கு விடிய ஆஸ்பத்திரியிலை ரத்தம் சுத்திகரிச்சுப்போட்டு வந்து, மத்தியானம் உங்கடை பக்கத்து யன்னலடிக் கட்டிலிலை கிடந்தவர். ஒரு கண் நித்திரை கொள்ளட்டும் எண்டுதான் நான் மதிலடிக்கு வந்தனான். உங்கடை பாட்டிலை நான் கத்தி முடிய, ட்றம் விழமுதல், ஒரு ஆம்பிளைக் குரல் மெல்லிசாக் கேக்கும். இஞ்சாரும் எண்டு. உங்கடை பாட்டுக்காரன் எண்டு நினைச்சனீரோ? அவர்தான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், எப்பவும் இஞ்சாரும்தான்.

எனக்கு அண்டைக்கு அது கேக்கேல்லைத் தம்பி. உங்களோடை கத்திக்கொண்டு நிண்டனான். உள்ளுக்கை வந்து பாக்கேக்கை வாய் கோணிப்போய்க் கிடந்தார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பாத்தம், ஒரு சொல்லும் வரேல்லை, ஆள் போய்ச் சேந்திட்டார். மினிபஸ்ஸிலைதான் அந்தக் குரலைக் கேட்டனான்.

இஞ்சாரும் எண்டதுக்குப் பிறகு அவர் சொன்னதை ட்றம்மைப் போட்டு மூடிப்போட்டியள். உம்மட்டை அது கிடக்கும்தானே. போடும். எங்கை வேணுமெண்டாலும் கையெழுத்து வைக்கிறன். தண்ணி கேட்டவரோ எண்டு மட்டும் எனக்குத் தெரியவேணும்.