காயாத பாக்கு

பெயர் தோவான் தி லுவா, வயது பதினேழு, முகவரி தென்கரை ஓடத்துறைக்கு மேலே மூன்றாவது தகர வீடு, வேலை அம்மாவின் கடையில் வெற்றிலை மடிப்பது. வயது நிரம்பாததால் அம்மாவை அருகில் வைத்து விசாரிக்கப்பட்டுச் சொன்னது:

துறையில் என்னை வாயாடி என்பார்கள், வால் என்பார்கள். இரண்டும் உண்மை. ஓடக்காரர் பான் வான் தியென் என்பவர் எனக்கு உறவு இல்லை. அவர் வீட்டில் பிறந்த வரிசைப்படி துறையில் இருக்கும் சின்னவர்கள் எல்லோருக்கும் அவர் ஆறாம் சித்தப்பா, அவர் சம்சாரம் ஆறாம் சித்தி. அவர் முன்பு அரிசிச் சாராயம் குடிப்பார். இரண்டு வருடத்துக்கு முன் மகள் ஹென்னின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தினார். அதன் பிறகு வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்று வெற்றிலைக்கு வந்தார். எங்கள் பக்கம் வெற்றிலை பொம்பளைகள் சமாச்சாரம் என்பதால் எல்லோரும் அவரைக் கேலி செய்வோம். அதிகம் செய்தது நான்.

எங்கள் வீட்டுப் பின்னால் நிற்கும் பாக்கு மரங்களில் ஓரத்து மரத்தின் காய் பச்சையாகத் தின்றால் தலையைக் கிறுகிறுக்க வைக்கும். வியர்க்கும், நாக்குக் குழறும், கால் நிற்காது. கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். அம்மா அதைப் பச்சையாக விற்பதில்லை, சீவி வெயிலில் காயப்போட்டுத்தான் விற்பார். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆறாம் சித்தப்பா, அக்கரைப் பள்ளிக்கூடம் போகும் ஹென்னைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ஹென்னுக்கு ஏழு வயது. அவர் என்னிடம், "என்னடி, வாயாடி, இன்னிக்காவது சுண்ணாம்பை அளவா வெப்பியா?" என்றார். நான், "குடியை விட்டீங்க சித்தப்பா, கடியை விடமாட்டேங்கறீங்களே" என்றேன். அவர், "எனக்கு இனிமே எது போட்டாலும் ஏறாது, போ" என்றார். அதன் பிறகு நான் உள்ளே போய் ஓரத்து மரத்துப் பச்சைக்காயில் இரண்டு துண்டு சீவி, வழக்கமான பாக்குக்குப் பதிலாக வைத்து மடித்து, பெரியவர்களுக்கு மரியாதையாகக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினேன். அப்படி நீட்டியதை அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார், என் கண் முன்னால் துப்பவும் மாட்டார் என்று தெரிந்துதான் நீட்டினேன். துறைப் படியில் அவர் தள்ளாடுவார், நான் சிரிப்பேன் என்பதே என் திட்டம்.

ஆனால் அப்போது கீரைக்கூடையோடு இரண்டு பெண்கள் அவசரமாக வந்ததால் அவர் படியில் நிற்காமல் உடனே ஓடத்தை எடுத்துவிட்டார். நான் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நடு ஆற்றில் தள்ளாடுவது இன்னும் வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தேன். ஓடம் பாதி தூரம் போனதும் ஆற்றின் மேல்பக்கமிருந்து மணல் படகு ஒன்று அலை கிளப்பிக்கொண்டு வந்தது. வழக்கமாக அவர் நின்றபடியே துடுப்பை அழுத்தி ஓடத்தின் முனையை அலைக்கு நேராகத் திருப்புவார். அன்று துடுப்பை விட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கரையில் நின்று கை தட்டினேன். அதன் பிறகு அலை பக்கவாட்டில் வந்தது. அதன் பிறகு ஓடத்தின் அடிப்பக்கம் தெரிந்தது.

இரண்டு பெண்களும் கூடைகளைப் பிடித்து மிதந்தார்கள். அவர் ஹென்னைத் தேடி மூன்று முறை மூழ்கி எழுந்தார். ஹென்னைப் பத்து மணிக்கு வலை போட்டு எடுத்தார்கள். புத்தகப் பை முதுகிலேயே இருந்தது. வார் இரண்டும் சரியாக மாட்டியிருந்தது.

கரையேறிய பெண்கள், அவர் வியர்த்து வாய் குழறினார் என்று சொன்னார்கள். துறையில் எல்லோரும் மறுபடி குடித்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். ஆறாம் சித்தி மட்டும் அழவில்லை. "எந்தத் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணானோ, அந்தத் தலையவே வாங்கிட்டான்" என்று சொல்லிவிட்டு அவருடைய துணிகளைக் கட்டி வாசலில் வைத்தார். சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்க என்னைத்தான் உட்கார வைத்தார்கள். நூற்றுக்கும் மேல் மடித்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

போலீஸ் காவலில் இருந்த அவர், தான் குடித்ததாக வெள்ளிக்கிழமை ஒப்புக்கொண்டார் என்று கேள்விப்பட்டுத்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. ஓரத்து மரத்தை வெட்டிவிட்டு, என் கையைப் பிடித்து இங்கே கூட்டி வந்தார். ஐயா என்னிடம் அவருடைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். அதில் அவர், "குடிச்சதா ஞாபகம் இல்லீங்க. ஆனா குடிச்சுத்தான் இருப்பேன். இல்லேன்னா எம்பொண்ணு ஓடத்துல இருக்கும்போது நான் துடுப்பை விடுவேனா?" என்று சொல்லியிருக்கிறார். அவர் குடிக்கவில்லை. சத்தியத்தை மீறவில்லை. இதை அவருக்கும் ஆறாம் சித்திக்கும் இன்றே படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை.

விளையாட்டா, விவரம் தெரிந்தா என்று கேட்டதற்குச் சொல்வது: அன்று அவருக்கு மடித்துக் கொடுத்ததும் ஹென், "எனக்கும் ஒண்ணு குடு அக்கா" என்று கை நீட்டினாள். நான், "உனக்கு ஆகாதுடி, தலை சுத்தி ஆத்துல விழுந்துடுவே" என்று சொல்லி அவள் கையைத் தட்டிவிட்டேன். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

இதில் உள்ளது நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டப்பட்டது. அத்தனையும் நடந்தது. இதில் வேடிக்கைக்காக நான் சேர்த்தது எதுவும் இல்லை.

(ஒப்பம்) தோவான் தி லுவா
(தாயாரின் இடது பெருவிரல் ரேகை)