மறந்தவன் அழுத அழுகை

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா? என் குரல் சன்னமானது. என்னை விசாரிக்க உட்கார்ந்திருக்கும் நீங்கள் மூவரும் வகுப்பிலும் அதைத்தான் குறை சொல்வீர்கள். ஆய்வுக்காக எடுத்த ஒலிப்பதிவில் இருப்பது என் குரல்தான். அதில் சந்தேகம் வேண்டாம்.

நரம்பியல் உளவியல் படிக்க நான் வந்ததே அண்ணனால்தான். மூளைக்காய்ச்சலில் பிழைத்தவன் அவன். அதற்குப் பிறகு எதுவும் அவன் தலையில் தங்கவில்லை. குளித்துவிட்டு வந்து துண்டைக் காயப்போடுவதற்குள் குளித்ததை மறந்துவிடுவான். பழையது மட்டும் பத்திரமாக இருந்தது. அதில் அம்மா இருந்தாள். நானும் இருந்தேன், ரெட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளையாக.

அம்மா வேலைக்குப் போகும் மதியங்களில் விடுதியிலிருந்து வந்து அவனைப் பார்த்துக்கொண்டது நான். எதிரே நிற்கும் பெரிய பெண் யாரென்று அவனுக்குத் தெரியாது. "வாங்க, உட்காருங்க. அம்மா இப்ப வந்துருவாங்க" என்பான். "அண்ணா, நான்தான் சுண்டு" என்றால் மரியாதைக்குச் சிரிப்பான்.

நினைவு அழிந்தாலும் அது கிளப்பிய உணர்ச்சி தங்குமா என்பது என் ஆய்வு. சோகப் படங்கள் போட்டுக் காட்டினேன். வியர்வையை அளக்க அவன் விரலில் மாட்டிய கருவி அசைந்துகொடுக்கவில்லை. வலுவான செய்தி தேவைப்பட்டது. ஒரு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா செத்துட்டாங்கண்ணா" என்றேன்.

அம்மா அந்நேரம் மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள், இப்போதும் இருக்கிறாள்.

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். கொஞ்ச நேரத்தில் செய்தி மறந்துபோயிற்று, அழுகை நிற்கவில்லை. ஈரமான கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "நான் ஏங்க அழுறேன்?" என்று கேட்டான்.

"கண்ணுல தூசி" என்றேன்.

முடிவு நினைத்ததைவிட நன்றாக வந்தது. ஆனால் ஒரே ஒரு முறை கிடைப்பதை யாரும் ஏற்கமாட்டார்கள். அதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். ஆகவே மறுபடி சொன்னேன். மறுபடியும். ஒவ்வொரு முறையும் அவனுக்கு அம்மா புதிதாகச் செத்தாள்.

நினைவில் இல்லாத வலி வலியே அல்ல என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் ஆய்வேடு அதற்கு நேர்மாறானதை நிரூபிக்கிறது என்று ஆய்வுக்கு வழிகாட்டிய சார் சொன்னார். சரிதான். அதற்கு நல்ல மதிப்பெண்ணும் அவரே போட்டிருந்தார்.

அண்ணன் சாப்பாட்டைக் குறைத்தான். அம்மா வீடு திரும்பியதும் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். குளியலறைக் கதவுக்கு வெளியேகூட நிற்பான்.

"வர வர இவனுக்கு எம்மேல பாசம் பொங்குது பாரேன்" என்று அம்மா பூரித்துப்போனாள். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆய்வுக்குப் போதுமான பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். செய்தியைக் கேட்டதும் அவன் முதலில் அழமாட்டான். என் முகத்தை உற்றுப் பார்ப்பான். அந்த நேரத்தில் மட்டும் அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "சுண்டு, பயப்படாத. அண்ணன் இருக்கேன்ல" என்று என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அழுவான். மறந்ததும் கையை எடுத்துவிடுவான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தள்ளி உட்காருவான்.

உங்களிடம் இருக்கும் ஒலிப்பதிவில் இல்லாத ஒன்றும் உண்டு. ஆய்வேட்டைக் கொடுத்த மறுநாளும் வீட்டுக்குப் போனேன், கருவி எதுவும் இல்லாமல். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனான். நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. நான் வாயே திறக்கவில்லை.

"அம்மாவுக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டான்.

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். "செத்துட்டாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, அவன் கை என் தோளில் விழுவதற்காகக் காத்து நின்றேன்.